விகன் அத்லெடிக்கின் கோப்பை இறுதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விகன் அத்லெடிக் என்ற இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பின் பெயரை எடுத்தாலே எனக்கு அதே கேள்விகள்தான் வருகின்றன. சிலர் தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள், சிலர் சீண்டுவதற்குக் கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்திருக்கிறேன்.

விகன் என்று ஓர் ஊர் இருக்கிறதா? அது எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் வடமேற்கில், மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் மான்செஸ்டரின் இரண்டு பெரிய அணிகள், மறுபக்கம் லிவர்பூலும் எவர்டனும். போதாக்குறைக்கு ஊரின் முதல் காதல் ரக்பி லீக். விகன் வாரியர்ஸ் அந்த விளையாட்டின் பெரும் பெயர்களில் ஒன்று. 1999 முதல் கால்பந்து அணியும் ரக்பி அணியும் ஒரே அரங்கத்தில்தான் ஆடுகின்றன.

கிளப் பிறந்தது 1932-ல். நாட்டின் முன்னணி அணிகள் ஆடும் ஃபுட்பால் லீக்கில் இடம் கிடைக்க 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் கீழிருந்து மேலே வருவதற்குப் புள்ளிகள் போதாது, மற்ற கிளப்புகளின் வாக்குகள் வேண்டும். சவுத்போர்ட் வெளியே போக, விகன் உள்ளே வந்தது. 1995-ல் டேவ் வீலன் கிளப்பை வாங்கியபோது அது நான்காம் அடுக்கில் இருந்தது. 2005-ல் உச்ச அடுக்கான பிரீமியர் லீக்கில் இருந்தது.

ஜெயிக்கிற அணிகள் இத்தனை இருக்க, ஏன் இதைப் பிடித்துக்கொண்டீர்கள்?

2005-06 பருவத்தில் பிரீமியர் லீக் பார்க்க உட்கார்ந்த எவருக்கும் விகனைக் கவனிக்காமல் இருப்பது கடினம். முதல் ஆண்டிலேயே கீழ் அடுக்குக்கு இறங்கிவிடுவார்கள் என்று எல்லோரும் எழுதிவைத்த அணி, பால் ஜூவலின் பயிற்சியில் பத்தாம் இடத்தில் முடித்தது. ஜிம்மி புல்லார்டு பந்துக்காக ஓடுவதைப் பார்த்தால் அவருக்கு அதைவிட மகிழ்ச்சியான வேலை உலகில் இல்லை என்று தோன்றும். அந்த ஆண்டு பிடித்த பிடியை நான் இன்னும் விடவில்லை.

பெரிய அணியின் ரசிகருக்கு இறுதிப் போட்டி ஆண்டுதோறும் எதிர்பார்க்கக்கூடிய ஒன்று. எங்களுக்கு அடுத்தது எப்போது என்று தெரியாது, வருமா என்பதும் தெரியாது. அதனால் வந்தவை ஒவ்வொன்றையும் நிமிடக் கணக்கில் நினைவில் வைத்திருக்கிறோம்.

மொத்தம் எத்தனை இறுதிகள்? எத்தனையில் வென்றீர்கள்?

நாடு தழுவிய கோப்பைகளில் ஐந்து. 1973-ல் எஃப்.ஏ. டிராஃபி: தோல்வி. 1985-ல் ஃப்ரெய்ட் ரோவர் டிராஃபி: வெற்றி. 1999-ல் ஆட்டோ விண்ட்ஸ்கிரீன்ஸ் ஷீல்ட்: வெற்றி. 2006-ல் லீக் கோப்பை (லீக் கிளப்புகளுக்கு மட்டுமானது): தோல்வி. 2013-ல் எஃப்.ஏ. கோப்பை (எல்லா அடுக்கு அணிகளும் ஆடும் பெரிய கோப்பை): வெற்றி.

2000-ல் லண்டனின் வெம்ப்லி அரங்கில் ஜில்லிங்ஹமிடம் கூடுதல் நேரத்தில் 3-2 எனத் தோற்ற ஆட்டத்தைச் சிலர் இதில் சேர்ப்பார்கள். அது மேல் அடுக்குக்குப் போவதற்கான பிளே-ஆஃப் இறுதி. வலி ஒன்றுதான் என்றாலும் கோப்பை அல்ல.

இவற்றில் எதையெல்லாம் நீங்கள் பார்த்தீர்கள்?

2006-ஐயும் 2013-ஐயும் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்தேன். முந்தைய மூன்றும் மூத்த ரசிகர்கள் சொல்லியும் பழைய பதிவுகளைப் பார்த்தும் எனக்குக் கிடைத்தவை. ஒரு கிளப்பின் நினைவு இப்படித்தான் கைமாறி வருகிறது. 1985-ஐப் பற்றிப் பேச 1985-ல் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

1985, 1999 கோப்பைகளின் பெயரே யாருக்கும் தெரியாது. அவையெல்லாம் கணக்கில் வருமா?

வரும். இரண்டும் ஒரே போட்டிதான். மூன்றாம், நான்காம் அடுக்கு கிளப்புகளுக்கென்று 1983-84 பருவத்தில் தொடங்கியது. விளம்பரதாரர் மாறும்போதெல்லாம் பெயரும் மாறும், அதனால்தான் வேறு வேறு கோப்பைகள் போலத் தெரிகிறது. எஃப்.ஏ. கோப்பையில் இந்த அணிகள் ஜனவரியைத் தாண்டுவதே அபூர்வம். இறுதிவரை போய் வெம்ப்லியைக் காணும் வாய்ப்பு அவர்களுக்கு இந்தப் போட்டியில்தான் இருக்கிறது.

1985-ல் பிரையன் ஹாமில்டனின் அணி பிரென்ட்ஃபர்டை 3-1 என வென்றது. மைக் நியூவெல், டோனி கெல்லி, டேவிட் லோவ் ஆளுக்கொரு கோல். ஃபுட்பால் லீக்குக்குள் நுழைந்து ஏழே ஆண்டுகள் ஆன கிளப்புக்கு அது சிறிய விஷயமா?

1999-ல் எதிரணி மில்வால். கோலே இல்லாமல் 90 நிமிடம் முடிந்துவிட்டது. தடைப்பட்ட நேரத்துக்காக நடுவர் சேர்க்கும் உபரி நேரத்தில் பால் ராஜர்ஸ் அடித்தார், 1-0. அரங்கில் 55,000 பேருக்கு மேல் இருந்தார்கள். மூன்றாம் அடுக்கில் இருந்த இரண்டு அணிகளுக்கு அத்தனை பேர்! கிளப்பின் பழைய மைதானமான ஸ்பிரிங்ஃபீல்டு பார்க்கில் அதுவே கடைசிப் பருவம். நின்றுகொண்டே ஆட்டம் பார்த்துப் பழகிய அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த வழியனுப்பு விழா என்றே நான் அந்தக் கோப்பையை எடுத்துக்கொள்கிறேன்.

1973-ல் தோற்றதை ஏன் விடாமல் சொல்கிறீர்கள்?

அப்போது விகன் ஃபுட்பால் லீக்கிலேயே இல்லை, நார்தர்ன் பிரீமியர் லீக்கில் இருந்தது. எஃப்.ஏ. டிராஃபி என்பது அந்த மட்டத்து அணிகளுக்கானது. ஸ்கார்பரோ கூடுதல் நேரத்தில் 2-1 என வென்றது. ஆனால் அந்த நாளில்தான் விகன் ரசிகர்கள் முதல்முறையாகத் தங்கள் அணியை வெம்ப்லிப் புல்வெளியில் பார்த்தார்கள். சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து நடந்ததை அறிந்தவர்களுக்கு அந்தத் தோல்வியே முதல் அத்தியாயம்.

2006-ல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் நான்கு கோல் வாங்கினீர்கள். அதைப் போய் நல்ல நினைவு என்கிறீர்களே?

நல்ல நினைவு இறுதியில் இல்லை, அதற்கு முந்தைய அரையிறுதியில் இருக்கிறது. எதிரணி ஆர்சனல், இரண்டு ஆட்டங்கள். விகனில் நடந்த முதல் ஆட்டத்தில் பால் ஷார்னர் அடித்து 1-0. அவர் விகனுக்கு ஆடிய முதல் ஆட்டமே அதுதான். (இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 2013-லும் வருவார்.)

இரண்டாம் ஆட்டம் ஆர்சனலின் அப்போதைய மைதானமான ஹைபரியில். ஆர்சனலுக்கு பெனால்டி கிடைத்தது. ஹோசே அந்தோனியோ ரெயெஸ் உதைத்தார், கோல்கீப்பர் மைக் பாலிட் தடுத்தார். பிறகு தியரி ஆன்ரி அடித்து மொத்தக் கணக்கைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ராபின் வான் பெர்சி அடித்து ஆர்சனலை முன்னே கொண்டுபோனார். 119-வது நிமிடம். ஒரு நீளப் பந்தைத் துரத்திப் போன ஜேசன் ராபர்ட்ஸ், தடுப்பாட்டக்காரரை உடம்பால் விலக்கிவிட்டு வலைக்குள் அனுப்பினார். அன்று 2-1 எனத் தோல்வி, மொத்தம் 2-2. கூடுதல் நேரத்துக்குப் பிறகும் சமமாக இருந்தால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்தவர் முன்னேறுவார் என்பது அப்போதைய விதி. நாங்கள் இறுதிக்குப் போனோம்.

சரி, இறுதியில் என்ன ஆனது?

வெம்ப்லியை இடித்துக் கட்டிக்கொண்டிருந்த காலம், ஆட்டம் கார்டிஃபில் நடந்தது. 14-வது நிமிடத்தில் பாலிட் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தசைநார் இழுத்துவிட்டது. ஹைபரியில் எங்களைக் காப்பாற்றிய மனிதர் தன் வாழ்வின் மிகப் பெரிய ஆட்டத்தில் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. நான்கு கோல்களில் ஒன்றுகூட என் கண்ணில் நிற்கவில்லை. அவர் நொண்டியபடி வெளியேறியதும், ஜான் ஃபிலன் அவசரமாகக் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்ததும்தான் நிற்கின்றன.

ரூனி இரண்டு, சாஹா ஒன்று, ரொனால்டோ ஒன்று. இடைவேளையில் 1-0 தான். பிறகு 55-வது நிமிடத்திலிருந்து 61-வது நிமிடத்துக்குள் மூன்று கோல்கள் விழுந்தன. யுனைடெட் அன்று தெளிவாகச் சிறந்த அணி, அதில் வழக்கு இல்லை.

2013-ல் வென்றது குருட்டு அதிர்ஷ்டம்தானே? வழியில் பெரிய அணி எதுவும் வரவில்லையே?

வழியைப் பார்ப்போம். போர்ன்மவுத்தை மறு ஆட்டத்தில் வென்றது, மக்கிள்ஸ்ஃபீல்டை ஒரே ஒரு கோலில் வென்றது, ஹட்டர்ஸ்ஃபீல்டை 4-1 என வென்றது. இதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் காலிறுதி எவர்டனின் கூடிசன் பார்க்கில் நடந்தது. மேனர் ஃபிகரோவா, காலம் மக்மனமன், ஜோர்டி கோமெஸ் மூவரும் நான்கு நிமிடங்களுக்குள் மூன்று கோல்கள் அடித்தார்கள். அந்தப் பருவத்தில் ஆறாம் இடத்தில் முடித்த அணியை அதன் வீட்டிலேயே 3-0 என வீழ்த்தியது அதிர்ஷ்டம் என்றால், அதிர்ஷ்டத்தின் பொருளையே மாற்ற வேண்டும். அரையிறுதியில் 1999-ன் அதே மில்வால். 2-0.

இறுதி மே 11 அன்று, மான்செஸ்டர் சிட்டியோடு. முந்தைய ஆண்டின் லீக் சாம்பியன். அகுவேரோ, தெவெஸ், சில்வா, யாயா தூரே எல்லாரும் களத்தில். எங்கள் பக்கம் பல தடுப்பாட்டக்காரர்கள் காயத்தில் இருந்தார்கள். ஹாம்பர்க்கிலிருந்து இரவலாக வந்திருந்த பழைய ஷார்னர் மீண்டும் வரிசையில் நின்றார். பயந்து பின்னால் குவிந்து நிற்கும் ஆட்டத்தை எங்கள் அன்றைய பயிற்சியாளர் ராபர்ட்டோ மார்டினெஸ் ஆடவில்லை. பந்தைக் காலடியில் வைத்து, குறுகிய பாஸ்களால் நடுவைக் கடந்து, ஓரத்தில் மக்மனமனிடம் சேர்ப்பதே திட்டம். அந்த இளைஞர் மாலை முழுவதும் சிட்டியின் தடுப்பைக் கிழித்துக்கொண்டிருந்தார். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. சிட்டிக்கும் வாய்ப்புகள் வந்தன. முதல் பாதியில் தெவெஸ் அருகிலிருந்து உதைத்ததை ஜோயல் ரோப்லெஸ் காலால் தடுத்தார். அதை அதிர்ஷ்டம் என்பீர்களா? அது கோல்கீப்பரின் வேலை.

சிட்டியில் ஒருவரை வெளியேற்றியதால்தானே வென்றீர்கள்?

84-வது நிமிடத்தில் பாப்லோ சபலேட்டா இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கினார். எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெளியேற்றப்பட்ட மூன்றாவது வீரர் அவர். முதலாமவர் 1985-ல் கெவின் மோரன். இரண்டாமவர் 2005-ல் ரெயெஸ், பாலிட் தடுத்த பெனால்டியை உதைத்த அதே ரெயெஸ். சபலேட்டா யாரை மடக்கப் போய் அட்டை வாங்கினார் என்று பாருங்கள்: மக்மனமனை. எதிராளியைத் தவறு செய்யவைக்கும் அளவுக்கு ஒருவர் ஆடினால் அதுவும் ஆட்டத்தின் பகுதிதான்.

சிட்டியின் அன்றைய பயிற்சியாளர் மான்சினியின் வேலை போகப்போகிறது என்ற பேச்சு அன்று காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது, சிட்டி வீரர்களின் மனம் ஆட்டத்தில் இல்லை என்று சொல்வோரும் உண்டு. இரண்டு நாளில் அவரை நீக்கினார்கள் என்பது உண்மை. எங்கள் அணிக்கு மட்டும் நிம்மதியான வாரமா? நான்கு நாள் முன்புதான் சொந்த மைதானத்தில் ஸ்வான்சியிடம் 3-2 எனத் தோற்று, தரமிறக்கத்தின் விளிம்பில் நின்றிருந்தார்கள்.

அந்த கோலை ஒருமுறை விவரமாகச் சொல்லுங்கள்.

எத்தனை முறை கேட்டாலும் சொல்வேன். மழை பெய்துகொண்டிருந்தது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குத்தான் போகும் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்ட நேரம், உபரி நேரத்தின் முதல் நிமிடம். ஷான் மலோனி கார்னர் எடுக்கிறார். பென் வாட்சன் களத்துக்குள் வந்து பத்து நிமிடம்தான் ஆகிறது. பந்து முன்கம்பத்தை நோக்கி வருகிறது. வாட்சன் தன்னைக் காவல் காத்தவருக்கு அரை அடி முன்னே பாய்ந்து, முதுகு கோலைப் பார்த்திருக்க, தலையின் பக்கவாட்டால் பந்தைப் பின்னோக்கித் தள்ளுகிறார். அது சிட்டி கோல்கீப்பர் ஜோ ஹார்ட்டுக்கு மேலே வளைந்து வலையில் விழுகிறது. 1-0.

அந்த வாட்சனுக்கு முந்தைய நவம்பரில் லிவர்பூலில் கால் எலும்பு முறிந்திருந்தது. பருவம் முடிவதற்குள் திரும்புவாரா என்பதே சந்தேகமாக இருந்தது. அரங்கில் உட்கார்ந்திருந்த கிளப் தலைவர் வீலனும் வெம்ப்லியில் கால் முறிந்தவர்தான். 1960 இறுதியில் பிளாக்பர்னுக்காக ஆடினார், முதல் பாதியிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லாத காலம், பத்துப் பேரோடு ஆடிய பிளாக்பர்ன் 3-0 எனத் தோற்றது. 53 ஆண்டுகள் கழித்து அதே பெயருள்ள அரங்கில் அவருடைய கிளப்புக்குக் கோப்பை வாங்கித் தந்தவர், காலொடிந்து மீண்டு வந்த ஒருவர். இதை யாராவது கதையாக எழுதியிருந்தால் மிகையென்று சொல்லியிருப்பேன்.

கோப்பையை இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்களே, ஏன்?

கிளப் காப்டன் கேரி கால்டுவெல் அன்று மாற்று வீரர் வரிசையில் இருந்தார், களத்தில் தலைமை தாங்கியவர் எமர்சன் பாய்ஸ். பாய்ஸ் அவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தூக்கினார். அந்த அணியின் குணத்தைக் கேட்பவர்களுக்கு நான் காட்டும் படம் அது.

எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணியை எப்படித் தரமிறக்க முடியும்?

லீக் வேறு, கோப்பை வேறு. லீக்கில் 38 ஆட்டங்களின் புள்ளிகள் மட்டுமே பேசும், கடைசி மூன்று அணிகள் கீழே போகும். கோப்பையில் வென்றதற்குச் சலுகை எதுவும் கிடையாது. இறுதி முடிந்து மூன்றாம் நாள், மே 14 அன்று, ஆர்சனலிடம் 4-1 எனத் தோற்றதும் விகனின் இறக்கம் உறுதியானது. 36 புள்ளிகள், 18-ம் இடம். ஒரே பருவத்தில் எஃப்.ஏ. கோப்பையை வென்று தரமும் இறங்கிய முதல் அணி.

இறுதிக்கு வந்து தோற்று, தரமும் இறங்கிய அணிகள் முன்பே உண்டு: 1983-ல் பிரைட்டன், 1997-ல் மிடில்ஸ்பரோ. லீக் கோப்பையில் 2011-ல் பர்மிங்ஹம் வென்றும் இறங்கியது. 1985-ல் இன்னும் விசித்திரம். லீக் கோப்பை இறுதியில் ஆடிய நார்விச், சண்டர்லாந்து இரண்டுமே அந்தப் பருவத்தில் இறங்கின.

கோப்பைக்காக உழைத்ததால்தான் லீக்கில் விழுந்தார்கள் என்கிறார்களே?

மே மாதத்து நெருக்கடி கால்களைத் தளரவைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 38 லீக் ஆட்டங்களில் 73 கோல்கள் வாங்கியிருந்தது அந்த அணி. அதற்குக் கோப்பையைக் குற்றம் சொல்ல முடியாது. பருவம் முழுவதும் தடுப்பில் ஓட்டை இருந்தது, காயங்கள் அதைப் பெரிதாக்கின. கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறியிருந்தாலும் தப்பித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கோப்பையா, பிரீமியர் லீக்கா? ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால்?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிப்பதில்லை. இரண்டில் எது வேண்டும் என்று அன்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. மேலே சொன்னபடி இரண்டும் தனித்தனியே நடந்தன. ஆனாலும் விடமாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்: கோப்பை. எட்டுப் பருவங்கள் பிரீமியர் லீக்கில் இருந்தோம். அவற்றில் எந்த ஆண்டு எத்தனையாம் இடம் என்று கேட்டால் தீவிர ரசிகர்களே திணறுவார்கள். மே 11 என்று சொல்லிப் பாருங்கள், மழையிலிருந்து தொடங்குவார்கள்.

அதே மூச்சில் இதையும் சொல்லியாக வேண்டும். தரமிறக்கத்தின் விலையை ரசிகரைவிட அதிகமாகக் கொடுப்பவர்கள் கிளப்பில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். வருமானம் சரியும்போது முதலில் அடிபடுவது அவர்கள். அதனால் "இறங்கினால் என்ன, கோப்பை இருக்கிறதே" என்று அலட்சியமாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

அதற்குப் பிறகு சிட்டி பழிவாங்கியிருக்குமே?

நேர்மாறாக நடந்தது. அடுத்த ஆண்டு, 2014 மார்ச்சில், இரண்டாம் அடுக்கிலிருந்த விகன் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதியில் சிட்டியை அதன் மைதானத்திலேயே 2-1 என வென்றது. அரையிறுதியில் ஆர்சனல் பெனால்டிகளில் வென்றிராவிட்டால் அடுத்தடுத்து இரண்டு இறுதிகள் ஆகியிருக்கும். 2018 பிப்ரவரியில் மூன்றாம் அடுக்கிலிருந்து வில் கிரிக்கின் ஒற்றை கோலில் மீண்டும் வென்றோம். அந்தப் பருவத்தில் சிட்டி லீக்கில் 100 புள்ளிகள் எடுத்தது. முதல் வெற்றியை அதிர்ஷ்டம் என்றவர்கள் இந்த இரண்டையும் எப்படி விளக்குவார்கள்?

கோப்பை வென்றதால் ஐரோப்பிய நாடுகளின் கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக்கிலும் ஆடினோம், இரண்டாம் அடுக்கு அணியாக. குழுச் சுற்றைத் தாண்டவில்லை. ஆனால் மாரிபோர், ரூபின் கசான் அணிகள் விகனுக்கு வந்து ஆடிய மாலைகள் அந்த ஊருக்குக் கிடைத்தன.

மற்ற சிறிய கிளப்புகளும் வென்றிருக்கின்றனவே? இதில் என்ன தனிச் சிறப்பு?

1973-ல் சண்டர்லாந்து லீட்ஸை, 1976-ல் சவுத்ஹாம்ப்டன் மான்செஸ்டர் யுனைடெட்டை, 1988-ல் விம்பிள்டன் லிவர்பூலை வென்றன. 2025-ல் கிரிஸ்டல் பேலஸ் சிட்டியை வென்றது. எங்களுடையதையும் சேர்த்தால் ஐந்தும் 1-0 தான், கவனித்தீர்களா? எதிரெதிர் அணிகளாக இருந்தாலும் இந்த ரசிகர்களோடு எனக்கு ஒட்டுறவு உண்டு. பேலஸ் வென்ற அன்று என் அணியே வென்றதுபோல் இருந்தது. தனிச் சிறப்பு என்று போட்டி போட எனக்கு விருப்பமில்லை.

2020-ல் கிளப்பே மூடப்படும் நிலைக்கு வந்ததாமே?

ஆம். அந்த ஜூலையில் கிளப் நிதியில் நொடித்துப்போனதால் 12 புள்ளிகள் கழிக்கப்பட்டு மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது. களத்தில் எடுத்த புள்ளிகளை மட்டும் பார்த்தால் தப்பித்திருக்கும், அதுதான் இன்றும் ஆறாத கோபம். அப்போது ரசிகர்கள் தங்கள் கையிலிருந்து பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 1985, 1999, 2013 என்று மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்த அதே ஆட்கள்தான். இறுதிப் போட்டி நினைவுகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அந்தக் கோடை என் பதில்.

புதிதாகப் பார்க்க நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

2013 இறுதியை முழுதாக, 90 நிமிடமும் பாருங்கள். கோலை மட்டும் வெட்டிப் போட்ட துணுக்கில் மக்மனமன் என்ன செய்தார் என்பது தெரியாது. அடுத்து ஹைபரியின் இரண்டாம் ஆட்டம். அதில் பாலிட்டின் பெனால்டித் தடுப்பைத் தவறவிடாதீர்கள். கார்டிஃப் இறுதியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முதல் 14 நிமிடம் போதும்.